விளக்கெண்ணெயில் உலை வைத்த அக்கா

அக்கா மறைந்து ஆண்டு ஒன்று திரும்பிவிட்டது. இந்த நினைவு மலரில் யார் எழுதுவது என்ற பேச்சு வந்தபோது மச்சான் என்னைத்தான் கைகாட்டினார். உடன்பிறந்த தங்கை என்ற உரிமையில் எழுதுகிறேன். மறைக்காமல் எழுதுவேன், பிடிக்காதவர்கள் அக்காவின் படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு மூடிவைத்துவிடலாம்.

அக்கா பிறந்தது காங்கேயத்துக்குத் தெற்கே, வானம் பார்த்த பூமியில். எள் என்றால் எண்ணெயாக நிற்பவர். எங்கள் அம்மா சீக்கிரமே போய்விட்டதால் எனக்குத் தலை வாரிவிட்டு வளர்த்தவரும் அவரே. பதினேழு வயதில் கோவைக்கு வாக்கப்பட்டார். மச்சானுக்கு மில்லில் எந்திரம் பழுதுபார்க்கும் பிட்டர் வேலை. மாமியார் இல்லாத வீடு. மாமனார், கொழுந்தன்மார் என்று ஆறு ஆண்களுக்கு அக்கா ஒருத்தியே சமைத்தார்.

நான்காம் வருடம் மூச்சிழுப்பு வந்தது. விறகுப் புகை பட்டால் போதும், சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். புகையே ஆகாது என்றார் வைத்தியர். மச்சான் சீமெண்ணெய் அடுப்பு வாங்கி வந்தார்; அந்த நாற்றத்தில் இழுப்பு இன்னும் அதிகமாயிற்று. கரியும் சரிப்படவில்லை.

அப்போது பெரியவர்கள் கூடினார்கள். இந்த மலரை வாங்கும் உங்களில் சிலரும் அங்கே இருந்தீர்கள். மச்சானின் பெரியப்பா எங்கள் அப்பாவிடம் வெகு மரியாதையாகக் கேட்டார்.

"ஏனுங்க, அடுப்படிக்கு ஒரு ஆளு வேணுமில்லீங்களா? சின்னப் புள்ளையவும் அங்கியே கட்டிக் குடுத்துப்போட்டா அக்காளுக்கும் ஒத்தாசையா இருக்குமுங்க."

சின்னப் புள்ளை நான்தான்; மச்சானுக்கே இரண்டாம் தாரமாகக் கேட்டார். அப்பா மறுத்துப் பேசவில்லை. மச்சானும் வாய் திறக்கவில்லை. இதை எழுதச் சொன்னவரே அவர்தான். ஆடி கழிந்ததும் பாக்கு வெற்றிலை மாற்றுவதென்று முடிவாயிற்று.

அதுவரை ஒத்தாசைக்கு என்று என்னைக் கோவைக்கு அனுப்பினார்கள். போன அன்றே அக்காவின் மடியில் விழுந்து, எனக்கு வேண்டாம், வேண்டாம் என்று அழுதேன். மறுநாள் அக்கா கடைக்குப் போய் ஐந்து வகை எண்ணெய் வாங்கி வந்தார். சாமி விளக்கின் முன்னால் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் எனக்கு இழுப்பதில்லையே, அந்தத் தீயில் சமைத்தால் என்ன என்றார்.

வேப்பெண்ணெய் எங்களை வாசலுக்கே துரத்தியது. புங்கெண்ணெய் சட்டியின் அடியைக் கரியாக்கியது. கடலை எண்ணெய் நன்றாகத்தான் எரிந்தது, ஆனால் தின்கிற பொருளை எரிப்பதா என்று மாமனார் முகம் சுளித்தார். தேங்காயெண்ணெய்க்கும் அதே பேச்சுதான்; போதாததற்கு மார்கழியில் உறைந்துபோகும். மிஞ்சியது விளக்கெண்ணெய். அகலில் புகையில்லாமல் நின்று எரிந்தது, சீமெண்ணெய் அடுப்பில் ஊற்றினால் திரி கருகி அணைந்தது. தெருவில் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். நல்ல விளக்கெண்ணெய் குடும்பம் என்றுகூட ஒருவர் சொன்னார். அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து அவரே காரணத்தைப் பிடித்தார்: கெட்டி எண்ணெய் நீளத் திரியில் ஏறாது, அகலில் திரி எண்ணெயிலேயே கிடப்பதால் எரிகிறது.

மச்சான் அன்றே தகரம் வாங்கி வந்தார். ஆழமில்லாத தட்டு, அதில் பன்னிரண்டு குட்டைத் திரி, சுற்றிலும் ஒரு கூடு, அடியில் காற்றுக்குத் துளை. மூன்றாம் முறை செய்த அடுப்பில் தீ ஆடாமல் நின்றது. மச்சான் பேசாதது கோழைத்தனம்தான். ஆனால் அந்த அடுப்பை அவர் மனதார அடித்துக் கொடுத்தார்.

பாக்கு வெற்றிலை மாற்றப் பெரியவர்கள் வந்த அன்று விடியும் முன்பே பற்றவைத்தோம், நிதானமான தீ அது. சோறு, பருப்பு, ரசம், பாயசம், அத்தனையும் அக்காவின் கை. அவரே இலைக்கு இலை நின்று பரிமாறினார். ஒரு தடவைகூட மூச்சு வாங்கவில்லை. பெரியப்பா ரசத்தை இரண்டு முறை கேட்டு வாங்கினார். கை கழுவிய பிறகு, மாற்றுவதற்கு வைத்திருந்த தாம்பாளத்தை யாரும் தொடவில்லை. அக்காவே வெற்றிலையை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"போட்டுக்குங்க மாமா. அடுப்படிக்கு ஆளு இருக்குதுங்க."

அடுத்த தையில் என்னை உடுமலைப்பேட்டையில் கட்டிக் கொடுத்தார்கள். எனக்குப் பிடித்த மாப்பிள்ளை. அக்கா அந்த அடுப்பிலேயே ஆறு வருடம் சமைத்தார். இழுப்பால் அவர் சாகவில்லை. சென்ற ஆண்டு வந்த விஷக்காய்ச்சல்தான் கொண்டுபோயிற்று.

கடைசி நாட்களில் பக்கத்தில் இருந்தேன். அந்த எண்ணெய்தான் உங்கள் அடுப்படியைக் காப்பாற்றியது என்று பெருமையாகச் சொன்னேன். அக்கா சிரித்தார்.

"அந்த வாசமே எனக்கு ஆகாது கண்ணு. தெனமும் கொமட்டும். அடுப்படிய உட்டாப் போதும்னுதான் இருந்துச்சு. நீ வேண்டாம்னு அழுதியே."

இரவும் பகலும் வந்து பார்த்த மருத்துவருக்கும், கஞ்சி கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும், காரியங்களில் தோள் கொடுத்த பங்காளிகளுக்கும், வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு எழுந்து போன பெரியவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவுக்குத்தான் நான் நன்றி சொல்லவில்லை. அன்று அழத்தான் முடிந்தது. மறுநாள் அவர் போய்விட்டார்.