இடப்பக்கம் இரண்டு தட்டு

தீர்த்தகிரி அண்ணன் லாரியை விற்றபோது நாமக்கல்லில் யாரும் ஆச்சரியப்படவில்லை. அறுபதை நெருங்கியவர். மனைவி தவறிவிட்டார், மகள் கனடாவில். விற்ற பணத்தில் பழைய பாய்மரப் படகு ஒன்றைத் தேடுகிறார் என்று தெரிந்த பிறகுதான் டீக்கடையில் சிரிப்பு கிளம்பியது.

"ஏனுங்ண்ணா, மோகனூர் ஆத்துல உடறதுக்குங்களா?"

"கடலுக்குடா. ஆத்துல தண்ணிய நீ கொண்டாந்து ஊத்துவியா?"

அது அவர் ஒருவரின் ஆசை இல்லை. ஆத்தூர் முகம்மது ஹனீப்பும் அவரும் ஒரே லாரியை மாறி மாறி ஓட்டியவர்கள். ஏதோ ஒரு துறைமுகத்தில் லோடுக்காகக் காத்துக் கிடந்தபோது, ஒரு வெள்ளைக்காரக் கிழவர் சின்னப் படகிலேயே சமைத்துத் தூங்கி, கரையோரமாக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறார்கள். "டீசல் குடிக்காத வண்டி மாப்ள. வயசானா நம்ம ரெண்டு பேரும் இதுலதான்" என்றாராம் ஹனீப்.

பக்கத்து வீட்டுக்காரனான எனக்கு, போனில் விளம்பரம் தேடித் தரும் வேலை. அண்ணன் பழைய லாரி வாங்குகிற கண்ணோடுதான் ஒவ்வொரு படத்தையும் பார்த்தார். "பெயிண்ட் இப்படி மின்னுச்சுன்னா உள்ள எதையோ மறைக்கறான்." சென்னையில் ஒன்று நல்ல நிலையில், கைக்கு எட்டுகிற விலையில் வந்தது. உள்ளே ஒருவர்தான் படுக்க முடியும்.

"ஹனீப் மாமா எங்க படுப்பாரு?" என்று தள்ளிவிட்டார். கோவாவில் வந்ததும் அப்படியே போயிற்று.

கடைசியில் கொச்சிக் காயலோரம் இரண்டு படுக்கை உள்ள ஒரு ஃபைபர் படகு கிடைத்தது. அண்ணன் முன்பணம் அனுப்பினார். முட்டை லாரியில் தொற்றிக்கொண்டு நாங்கள் போனோம். ஹனீப் நேராக ரயிலில் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். வழியெல்லாம் அண்ணன் அவரைப் பற்றித்தான் பேசினார். ஸ்டியரிங் பிடிப்பவருக்கு இடப்பக்கம் தெரியாது. அந்தப் பக்கம் உட்கார்ந்தவர் கதவை இரண்டு முறை தட்டினால்தான் வண்டி நகரும். "மாமா தட்டுனா கண்ண மூடிட்டு எடுப்பேன்."

படகின் சொந்தக்காரர் குரியன், ஓய்வுபெற்ற ஆசிரியர். அண்ணன் படகை விரல் முட்டியால் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டார்.

"இந்த எடத்துல சத்தம் அமுங்குதுங்க. தண்ணி எறங்கியிருக்குது."

"அவிடெ உள்ளே அலமாரியாணு சாரே. நிறைய புஸ்தகம் வச்சிருக்கேன்."

அண்ணனே சிரித்துவிட்டார். பாய்த்துணியில் ஒட்டுகள் இருந்தன. சின்ன மோட்டார் இருமி இருமித்தான் கிளம்பியது. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு சொல்லச் சொன்னார் குரியன். "கூட்டுக்காரர் வரட்டுங்க" என்றார் அண்ணன்.

வெயில் சாயும்வரை காத்திருந்தோம். ரயில் வந்து போயிருந்தது. பிறகு ஹனீப்பின் அழைப்பு வந்தது. அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார்.

"மாப்ள, நான் வீட்லதான் இருக்கேன்."

"ரயில உட்டுட்டீங்களா? மொல்லமா நாளைக்கு வாங்க, என்ன இப்ப."

"ரயில் இல்ல மாப்ள. இர்பானா பெட்டிய எடுத்து ஒளிச்சு வெச்சுட்டா. இந்த முழங்கால வெச்சுக்கிட்டு படகுல ஏறுவியா வாப்பான்னு அழுவுறா. ஏறிப் பாத்தேன், நம்ம மாடிப்படியவே ஏற முடியல. நீயும் வேணாம்னு சொல்லிட்டு வந்துரு மாப்ள. இங்க எங்க கெழங்கு மண்டியில சேர் போட்டு உக்காந்துக்கலாம், ரெண்டு பேரும்."

"செரிங்க மாமா. கால்ல தைலம் போடுங்க."

போனைச் சட்டைப் பையில் வைத்தவர், எதற்கோ மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். காயலில் ஆகாயத்தாமரைகள் கும்பலாக மிதந்து போயின.

குரியனுக்குப் புரிந்துவிட்டது. "ஒருத்தருக்கு இது கொஞ்சம் பெருசு. பாய்க் கயிறெல்லாம் பின்னால சுக்கான்கிட்ட கொண்டுவந்தா தனியா ஓட்டலாம். வேண்டாம்னா முன்பணத்தை இப்பவே தரேன்."

அண்ணன் படகுக்குள் இறங்கினார். மேலிருந்தே தெரிந்தது: வலப்பக்கப் படுக்கையில் தோள்துண்டைப் போட்டார். இடப்பக்கத்தில் தன் பையை வைத்தார். எடுத்தார். மறுபடி அங்கேயே வைத்தார்.

"முன்பணம் இருக்கட்டுங்க. படக நானே எடுத்துக்கறேன்" என்று வெளியே வந்து சுக்கானைப் பிடித்தார்.

குரியன் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டு முன்னால் போய் உட்கார்ந்தார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. "போகலாம்" என்றார். அண்ணன் போகவில்லை. முகம் இடப்பக்கம் திரும்பியிருந்தது. அங்கே தண்ணீர்தான், பார்க்க மறைப்பு எதுவும் இல்லை. "சாரே, போகலாம்" என்றார் குரியன் மறுபடி.

அண்ணன் இடக்கையை வெளியே நீட்டி, படகின் உடம்பில் இரண்டு முறை தட்டினார்.

"ரைட்" என்றார், மெதுவாக.