‘ஈ’ என்றால் எர்த் இல்லை

காயில்காரம்மா என்றால் அந்த வட்டாரத்தில் தெரியாதவர் கிடையாது. மோட்டார் புகைந்தாலும் ஸ்டெபிலைசர் கருகினாலும் நேரே அவள் பட்டறைக்குத்தான் வரும். கருகிய கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பாள். சுற்றும் இயந்திரத்தின் கடகட சத்தத்திலேயே காலத்தை ஓட்டியதில் அவள் காது பாதி மந்தம். எதுவானாலும் கத்திச் சொல்ல வேண்டும்.

அவள் புருஷன் பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எப்போது கிளம்பும் என்று அவர் சொல்லித்தான் ஜனங்கள் மூட்டையைத் தூக்குவார்கள். தொண்டையில் ஒரு ஆபரேஷன் நடந்தது. ஆள் பிழைத்துக்கொண்டார், குரல் போய்விட்டது. மிஞ்சியது வெறும் கிசுகிசுப்பு. ஊருக்கே கேட்ட மனுஷன் பேசுவது கட்டிய மனைவிக்கே கேட்காமல் போனது. பசித்தால் தட்டைத் தட்டுவார்.

"நல்லதாப் போச்சு, இனிமே நீங்க திட்டினாலும் எனக்குக் கேக்காது" என்று சிரிப்பாள். சிரித்துவிட்டுப் பட்டறைக்குள் போய் மூக்கைச் சிந்துவாள்.

நிலைய மேனேஜர் நல்லவர்தான். "இந்த மாசக் கடைசி வரைக்கும் பார்க்கலாம்ணே. அதுக்கப்புறம் பதிவு பண்ணின குரலைப் போடச் சொல்றாங்க, என் கையில எதுவும் இல்ல" என்றார். முயன்று பார்க்காமலும் இல்லை. மைக்கை உதட்டில் ஒட்டவைத்து, நிலையத்து ஆம்ப்ளிஃபையரை முழுக்கத் திருகினார்கள். ஸ்பீக்கரில் ‘உஸ்’ என்ற இரைச்சல் கொட்டியதே தவிர, அதற்குள் அவர் சொன்னது எங்கே போனதென்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்தவர் சட்டையைக் கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார்.

அந்த வாரம் பழைய இரும்புக்கடைத் தம்பி ஒரு சாம்பல் நிறப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அக்கா, கடல் தாண்டி வந்த சரக்கு. ஏதோ ரேடியோ நிலையத்தை இடிச்சாங்களாம். உள்ளே செம்பு இருக்கு, உருவிக்கோங்க."

பெட்டியின் முகத்தில் ‘வி 76’ என்று இருந்தது. போனில் தேடினாள். ஜெர்மன் ஒலிபரப்பு நிலையங்களில் மைக்குக்கென்றே செய்த வால்வு ஆம்ப்ளிஃபையர் என்று வந்தது. மைக்கிலிருந்து வரும் துளியூண்டு சத்தத்தையும் இரைச்சல் சேராமல் பெரிதாக்குமாம். ‘இரைச்சல் சேராமல்’ என்பதை அவள் இரண்டு முறை படித்தாள்.

மூடியைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒவ்வொரு ஒயரும் நூல் பிடித்தாற்போல மடங்கி, நூலாலேயே கட்டப்பட்டிருந்தது. அதைச் சுற்றியவர் யாரோ, எந்த ஊரோ, "மகராசன், என்ன கைடா!" என்று வாய்விட்டே சொன்னாள். பின்பக்க முனைகளில் யாரோ பழைய மெக்கானிக் பெயின்ட்டால் ஆங்கில எழுத்துகள் எழுதியிருந்தார். இரண்டு ‘ஈ’, இரண்டு ‘ஏ’. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ‘ஈ’ என்றால் எர்த். இத்தனை வருஷமாக எத்தனை மோட்டாரில் பார்த்திருக்கிறாள்! இரண்டு ‘ஈ’யையும் பெட்டியின் உடம்போடு பிணைத்தாள். மைக்கை ‘ஏ’யில் கொடுத்தாள். சோர்ந்திருந்த கண்டன்சர்களை மாற்றி, கரண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். கண்ணாடிக் குமிழ் வால்வுகள் செக்கச்செவேலென்று எரிந்தன. சத்தம் மட்டும் மூச்சுக் காட்டவில்லை.

மைக்கில் பேசிப் பார்த்த புருஷன் அவள் தோளைத் தட்டிவிட்டு எழுந்து போனார். அது அவளுக்குத் தாங்கவில்லை.

கோபம் கோபமாக வந்தது. செம்பையாவது எடுப்போம் என்று தான் பிணைத்த ஒயர்களை வெட்டிவிட்டாள். உருவுவதற்கு முன் கம்பி நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வழக்கம். மீட்டரின் இரு முனைகளையும் இரண்டு ‘ஈ’யிலும் வைத்தாள். உள்ளே ஒரு காயில் இருந்தது. ஒரு முனையை எடுத்துப் பெட்டியின் உடம்பில் வைத்துப் பார்த்தாள். தொடர்பே இல்லை.

"எர்த்துன்னா உடம்போட ஒட்டணுமே!"

நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டாள். ‘ஈ’ வேறு என்னமோ. ஜெர்மன் மொழியில் உள்ளே வரும் வழிக்கு ‘ஈ’, வெளியே போகும் வழிக்கு ‘ஏ’ என்று போனைத் தட்டியதும் தெரிந்தது. சத்தம் உள்ளே வரவேண்டிய வாசலை இறுக்கி அடைத்துவிட்டு, புழக்கடைக் கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

எல்லாவற்றையும் மாற்றிக் கட்டினாள். அவரை இழுத்து வந்து மைக்கின் முன்னால் உட்கார வைத்து, கையில் டீயைக் கொடுத்தாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு சுவிட்சைப் போட்டாள். முழுக்கத் திருகினாள்.

ஒன்றுமில்லை. ‘உஸ்’ கூட இல்லை. செத்த பெட்டிதான். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

‘மடக்.’

காதுக்குள் யாரோ டீயை விழுங்கினார்கள். திடுக்கிட்டு நிமிர்ந்தாள். டம்ளரை மேசையில் வைத்த சத்தம் வந்தது. சட்டைக் காலர் தாடையில் உரசியது வந்தது. பெட்டி சாகவில்லை. அவ்வளவு சுத்தமாக இருந்தது அந்த அமைதி. இப்படியும் ஒன்றை மனுஷன் செய்வானா என்று அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. அதற்குள்ளிருந்து, இத்தனை மாதம் கேட்காமல் போன புருஷனின் பேச்சு வந்தது.

"டீயில சர்க்கரையே இல்ல. தினமும் சொல்றேன். உனக்குத்தான் கேக்கறதே இல்ல."

அவள் ஹெட்போனோடு சேர்த்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். "இன்னும் திட்டுங்க, இன்னும் திட்டுங்க" என்றாள்.

மாசக் கடைசி நாளன்று பெட்டி நிலையத்தின் கண்ணாடி அறைக்குப் போனது. மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். புருஷன் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"பயணிகள் கவனத்துக்கு" என்று நிலையம் முழுக்கக் கிசுகிசுப்பு பரவியது. தலைக்கு மேல் கத்திப் பழகிய ஸ்பீக்கர், ஒவ்வொருத்தர் பக்கத்திலும் வந்து உட்கார்ந்து ரகசியம் சொன்னது. சண்டை போட்டுக்கொண்டிருந்த இருவர் நிறுத்தினார்கள். ஓட்டுநர் ஒருவர் எஞ்சினை அணைத்தார். அதைப் பார்த்துப் பக்கத்து வண்டியும் அணைந்தது. மூன்றாம் மேடை வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும் என்பதை அத்தனை பேரும் அசையாமல் நின்று கேட்டார்கள்.

சொல்லி முடித்தவர் பதற்றத்தில் மைக்கை அணைக்க மறந்துவிட்டார். மனைவியின் பக்கம் திரும்பினார்.

"கேட்டுச்சா?"

அது அவளுக்காகக் கேட்ட கேள்வி. அவள் வாயைத் திறக்குமுன் வெளியே எஞ்சினை அணைத்த ஓட்டுநர் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"கேட்டுச்சுண்ணே!"

மேடைக்கு மேடை அந்தக் குரல் எழும்பியது. கண்ணாடியைத் தாண்டி வந்த அது, காயில்காரம்மாவின் பாதிக் காதுக்கும் நன்றாகவே கேட்டது.