ஆறுதலான அப்புக்காத்து

நெடுந்தீவின் மாவிலித்துறைக்கு முதல் ஆளாக வந்து நிற்பவர் வசீகரன். படகில் ஏறுவது கடைசி ஆளாக. "அண்ணை, ஏறுறியளோ, இல்லாட்டி நீந்தி வாறியளோ?" என்று படகோட்டி கத்தும்வரை துறை முனையில் நின்று கடலைப் பார்ப்பதுபோல் பாவனை செய்வார். பார்ப்பது கடலை அல்ல, படகின் அடித்தட்டுக்கு இறங்கும் வாசலை. கறுப்புக் கைப்பையோடு ஒரு பெண் குனிந்து அதற்குள் இறங்குவார். அவர் இடம்பிடித்து இருந்துவிட்டார் என்று நிச்சயமான பிறகுதான் வசீகரனின் கால் துறையை விட்டுக் கிளம்பும்.

அன்றைக்கென்று எடுத்து வைத்த நீளக் காற்சட்டை முழங்கால்வரை சுருட்டியிருக்கும். சப்பாத்துச் சோடி ஒரு துணிக்கடைப் பையில். சட்டைப்பையில் இரண்டு தேசிக்காய்கள், பச்சை எலுமிச்சைகள். அவற்றின் பாரத்தில் சட்டை ஒரு பக்கம் இழுபட்டு நிற்கும். ஐம்பதை எட்டிக்கொண்டிருக்கும் கறுத்த, நெடிய மனிதர். நெடுந்தீவில் மாடு வளர்க்கிறார். வீதியில் கண்டால் யாரோடும் அதிகம் பேசமாட்டார், மாடுகளோடு மட்டும் வாதாடுவார்.

அடித்தட்டுக்கு அவர் போவதில்லை. மேலே, அலை அடிக்கும் பக்கம் முகத்தையும் அந்த வாசலுக்கு முதுகையும் கொடுத்து இருப்பார். தண்ணீர் தெறிக்கும்போது தார்ப்பாய்ப் படங்கின் ஒரு முனையை இழுத்து வாசலை மறைப்பார். யாரும் கொடுத்த வேலையல்ல. கரைக்கு வரும்போது கீழே இருக்கும் ஆட்கள் காய்ந்திருப்பார்கள், இவர் இடுப்புவரை நனைந்திருப்பார்.

கீழே இருக்கும் பெண் கோசலா, அவருடைய மனைவி. இருவரும் போவது ஊர்காவற்றுறைக் கோட்டுக்கு. விவாகரத்து வழக்கு. கோசலா வழக்காளி, வசீகரன் எதிராளி. வழக்காளிக்கு ஒரு படகு, எதிராளிக்கு ஒரு படகு என்று நெடுந்தீவில் விடுவதில்லை. அக்கரையான குறிகட்டுவானில் இறங்கினால் அங்கேயும் ஒரே பஸ்தான். கோசலா முன்னுக்கு, வசீகரன் பின்கதவடியில்.

"கோட்டுத் தவணை எண்டால் உவருக்குக் கலியாணவீடு மாதிரி," என்று, நான் முதன்முதல் அந்தப் படகில் போன அன்று, என் பக்கத்தில் இருந்தவர் சொன்னார். "முதல் நாளே போய்த் தலைமயிர் வெட்டிப்போடுவார்."

வசீகரனுக்குக் கேட்டுவிட்டது. "பின்னை, கோட்டுக்குக் காவாலி மாதிரிப் போக ஏலுமே?" என்றார், திரும்பாமலே.

நடுக்கடலில் கோசலாவுக்குத் தலை சுற்றத் தொடங்கும். தீவில் பிறந்து வளர்ந்தும் கடல் ஒத்துக்கொள்ளாத உடம்பு. மேலே இருப்பவருக்கு அது எப்படித் தெரிகிறது என்பது எனக்கு விளங்கவில்லை. இயந்திரத்தின் இரைச்சலில் இருமினால்கூடக் கேட்காது. ஆனாலும் சரியாக அந்த நேரத்தில் ஒரு தேசிக்காயை எடுத்து, மணம் கிளம்ப நகத்தால் கீறி, வாசற்படியில் கருவாட்டுக் கூடையோடு இருக்கும் அந்தோனியம்மாவிடம் நீட்டுவார். அந்தோனியம்மா அதைக் கீழே நீட்டுவார். ஒரு கை வந்து வாங்கிக்கொள்ளும். ஆர் தந்தது என்று அந்தக் கை கேட்பதில்லை.

"ரெண்டு பேருக்கும் நடுவில நானொரு தபால்கந்தோர்," என்று அந்தோனியம்மா ஒருமுறை அலுத்துக்கொண்டார். "முத்திரைக் காசும் தாறேல்லை."

அந்த முதல் பயணத்தில் எனக்கும் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. பாதுகாப்பு அங்கியின் வாரை இரண்டு கையாலும் பிடித்தபடி, "அண்ணை, மற்றதை எனக்குத் தருவியளோ?" என்று கேட்டேன்.

"அது வரேக்கை தேவை. போக ஒண்டு, வர ஒண்டு. குறை நினையாதையும் தம்பி."

"நீங்கள் மணக்கிறேல்லையோ?"

"நானோ?" என்று சிரித்தார். "எனக்கு உது தொட்டில் ஆடுற மாதிரி. நான் தேசிக்காய் மணந்தால் என்ரை மாடும் சிரிக்கும்."

நான் அம்மாவின் சீதனக் காணியின் எல்லைத் தகராறுக்காக ஒஸ்லோவிலிருந்து வந்திருந்தேன். லீவு முடிவதற்குள் அலுவல் முடியுமா என்ற பயம் ஒரு புறம், இந்தப் படகு கரை சேருமா என்ற பயம் மறுபுறம். கண்ட கண்ட ஆட்களிடமெல்லாம் நல்ல சட்டத்தரணி யாரென்று விசாரித்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் வசீகரனைத்தான் காட்டினார்கள். யாழ்ப்பாணத்திலும் தீவுப்பகுதியிலும் அவர் ஏறாத அப்புக்காத்து வீட்டுப் படி இல்லையாம்.

"அலைஞ்சனான்தான்," என்று ஒப்புக்கொண்டார். "எனக்கு ஆறுதலான ஆள் வேணும். லேசில கிடைக்குமோ?"

பதினொரு வயதில் ஊரைவிட்டுப் போய், மிச்சத் தமிழைப் புத்தகங்களில் படித்தவன் நான். பாவம், பிரிவுத் துயரத்தில் நாலு நல்ல வார்த்தை சொல்லும் வழக்கறிஞரைத் தேடியிருக்கிறார் என்று நினைத்தேன். "கிடைச்சாரோ? மனம் நோகாமல் கதைப்பாரோ?" என்று இரக்கத்தோடு கேட்டேன்.

"மனம் நோகுதோ இல்லையோ, நடராசா ஐயா நல்ல ஆறுதல். கடுதாசியை எடுத்தால் கண்ணாடியைத் தேடுவார். கண்ணாடியைக் கண்டுபிடிச்சால் கடுதாசியைக் காணேல்லை எண்டுவார். அவரின்ரை கந்தோரில மணிக்கூடும் நிண்டுபோய்க் கிடக்குது. அதைப் பாத்தோடனை, இவர்தான் ஆள் எண்டு நினைச்சனான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊரில் ஆறுதல் என்றால் மெதுவாக. 'ஆறுதலாய்ச் சாப்பிடு', 'ஆறுதலாய் வா' என்று அம்மா இன்றைக்கும் சொல்வது அதைத்தான். எல்லோரும் வழக்கை வெல்லக்கூடிய சட்டத்தரணியைத் தேட, வசீகரன் வழக்கை முடிக்கத் தெரியாத ஒருவரைத் தேடிப் பிடித்திருந்தார்.

கெட்டிக்காரர்கள் எல்லோரையும் கழித்துவிட்டார். யாழ்ப்பாணத்தில் நிசாந்தினி என்ற இளம் சட்டத்தரணியிடம் போனதைச் சொல்லும்போது அவர் குரலில் இன்னும் நடுக்கம் இருந்தது. "வழக்குக் கோவையைப் பிரட்டிப் பாத்திட்டு, 'அண்ணை, பயப்பிடாதேங்கோ, மூண்டு தவணையில முடிச்சுத் தாறன்' எண்டா பிள்ளை. தண்ணி குடிச்சிட்டு வாறன் எண்டு எழும்பி வந்தனான். குடையையும் விட்டிட்டு வந்திட்டன். உமக்கு அவதான் சரி. போனால் என்ரை குடை கிடக்கோ எண்டு ஒருக்காப் பாரும்."

குடை அங்கேதான் கிடந்தது. என் வழக்கையும் நிசாந்தினியிடமே கொடுத்தேன்.

வழக்கின் கதையை அவர் மறைக்கவில்லை. மறைத்தாலும் தீவு முழுக்கத் தெரியும். வளைகுடாவில் தோகாவுக்கு வேலைக்குப் போனவர். அங்கே கொம்பனியைப் பூட்டிவிட்டார்கள். சம்பளமில்லை. கடவுச்சீட்டு யார் கையில் என்று தெரியாது. இரண்டு வருடம் வீட்டுக்கு ஒரு சத்தமும் இல்லை. அதற்குள் கோசலாவின் தகப்பன் செத்து, மருமகன் இல்லாமலே செத்தவீடு நடந்தது. அவருக்கு அங்கே வேறு குடும்பம் இருக்கிறது என்று சிலர் சொன்னார்கள், ஆளே இல்லை என்று சிலர். கோசலா இரண்டையும் மாறி மாறி நம்பிப் பார்த்தார். ஒருநாள் ஒரு சூட்கேசோடு வசீகரன் துறையில் வந்து இறங்கியபோது கோசலா தாய்வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். பூட்டிய வீட்டின் திறப்பு மட்டும் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருந்தது.

"ஒருக்காப் போன் எடுத்திருக்கலாமே, அண்ணை?"

"எடுத்து என்னத்தைச் சொல்லுறது? ஆரின்ரையோ சோத்தைத் திண்டுகொண்டு இருக்கிறன் எண்டோ? அடுத்த மாசம் சரிவரும், அப்ப எடுப்பம் எண்டு இருந்தன். அவளின்ரை நம்பரை அமத்துவன், மணி அடிக்க முதல் வெட்டிப்போடுவன். பேந்து ஒருநாள் அந்த நம்பரும் வேலை செய்யேல்லை."

வழக்குப் பத்திரத்தில் ஒரு சொல் இருந்தது. எதிராளி வழக்காளியை 'வன்மத்தோடு கைவிட்டுச் சென்றார்' என்று. அந்தச் சொல்லில்தான் வசீகரன் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். "கைவிட்டனான். அதை இல்லை எண்டு சொல்லேல்லை. ஆனால் வன்மம்? மாட்டுக்குக் குறி சுடுறதுக்கே கண்ணை மூடுற ஆள் நான்!" நடராசா ஐயாவுக்கும் அது வசதியாகப் போனது. வன்மம் இருந்ததா இல்லையா என்பதற்குச் சாட்சி தேட வேண்டும், கடிதம் எழுத வேண்டும், பதில் வரவேண்டும். தவணைக்கு மேல் தவணை.

தவணைகளை அவர் திகதி சொல்லி நினைவு வைத்திருக்கவில்லை. ஒவ்வொரு தவணைக்கும் ஐயாவின் கட்டணத்துக்கு ஒரு மாடு போயிற்று, அந்த மாட்டின் பெயர்தான் அந்தத் தவணைக்கு. "சிவலைத் தவணையிலதான் அவள் பஸ்ஸுக்குள்ள திரும்பிப் பாத்தவள்," என்பார். "நாம்பன் தவணையில நீதிபதி வரேல்லை. மத்தியானம்வரை ஒரே மரநிழலில இருந்தம். அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். நல்ல தவணை அது." பட்டியில் மிச்சம் ஒரு பசுதான் என்றும் சொன்னார். அது கோசலாவுக்குச் சீதனமாக வந்த பசுவின் வழி. "அதை விக்க மாட்டன். அது அவளின்ரை."

"அப்ப அடுத்த தவணைக்கு?"

அவர் படங்கை இழுத்துவிட்டார்.

அடுத்த தவணை நாளில் என் வழக்கும் இருந்தது. தென்மேற்கில் இருந்து வீசும் சோளகக் காற்று ஓய்ந்து, கடல் துடைத்த பீங்கான்போல் கிடந்தது. அன்று வசீகரன் ஏறிய பிறகும் படகு கிளம்பவில்லை. யாரோ அதிகாரி வருகிறார் என்று நிறுத்தி வைத்துவிட்டார்கள். வெயில் ஏறியது. "கருவாடு திருப்பிக் காயுது. எவ்வளவு நேரமடா காத்துக்கொண்டு இருக்கிறது?" என்று அந்தோனியம்மா படகோட்டியைத் திட்டினார்.

கீழிருந்து கோசலாவின் குரல் வந்தது. நான் அதைக் கேட்டது அதுதான் முதல்முறை. உரத்த குரல் அல்ல. இயந்திரம் நின்றிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"காத்திருக்கிறது எனக்குப் பழகின வேலை, அந்தோனியக்கா. முந்திப் போனுக்கு. இப்பத் தவணைக்கு. இருத்தி வைக்கிற ஆள் மட்டும் மாறேல்லை."

வசீகரனின் முதுகு அசையவில்லை. வெகுநேரம் கழித்துப் படகு கிளம்பி, நடுக்கடல் தாண்டி, புங்குடுதீவுக் கரை தெரிந்த பிறகுதான் தேசிக்காய் கீழே போயிற்று. அவர் பிந்தியது அன்றுதான்.

கோட்டில் பெயர் கூப்பிட்டார்கள். நடராசா ஐயா எழுந்தார், கண்ணாடியைத் தேடினார், அது நெற்றியில் இருந்தது. தோகாவிலிருந்து ஒரு முக்கியமான கடிதம் வரவேண்டியிருப்பதால் இன்னொரு தவணை தந்துதவ வேண்டும் என்று தொடங்கினார். பின்னால் நின்ற வசீகரன் கையை நீட்டி ஐயாவின் கறுப்புக் கோட்டைப் பிடித்து இழுத்தார். கூப்பிட்ட குரலுக்குத் திரும்பாத மாட்டை வாலில் தொட்டுத் திருப்புவதுபோல.

"என்ன, வசீகரன்?"

"காணும், ஐயா."

"என்ன காணும்?"

"இழுத்தது காணும். இனித் தவணை வேண்டாம்."

நீதிபதி ஒரு பெண். கோவையிலிருந்து தலையைத் தூக்கி, வழக்காளியின் கூற்றை ஏற்றுக்கொள்கிறீரா என்று கேட்டார். வன்மத்தோடு கைவிட்டுச் சென்றதாக என்று அந்த வரியையும் வாசித்தார்.

வசீகரன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "விட்டிட்டுப் போனது உண்மை, அம்மா," என்றார். பிறகு, "மற்றச் சொல்லும் அப்பிடியே கிடக்கட்டும்."

கோசலாவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிச் சில கேள்விகள் கேட்டார்கள். விவாகரத்து வழங்கப்பட்டது, மூன்று மாதத்தில் தீர்ப்பு முற்றாகும் என்றார்கள். எதிராளியிடம் வழக்குச் செலவு கோருகிறீர்களா என்று நீதிபதி கேட்க, கோசலாவின் சட்டத்தரணி வாயைத் திறப்பதற்குள் கோசலாவே பதில் சொன்னார்.

"வேண்டாம், அம்மா. அவர் மாடெல்லாம் வித்துப்போட்டார்."

வசீகரன் நிமிர்ந்து பார்த்தார். தன் மாடுகளின் கணக்கு கோசலாவின் வீட்டுக்கும் போயிருக்கிறது என்று அவருக்கு அதுவரை தெரியாது.

என் காணி வழக்கும் அன்றே ஒரு முடிவுக்கு வந்தது. நிசாந்தினி சொன்ன நேரத்தில், சொன்னபடி. சந்தோசப்பட வேண்டிய நான் கோட்டு வாசலில் வசீகரனின் குடையோடு நின்றேன். கோசலா தெருவைத் தாண்டி யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் ஏறினார். தமக்கை வீடு அங்கே. கொஞ்ச நாள் நிற்கப்போகிறாராம், அந்தோனியம்மா பிறகு சொன்னார். பஸ் திரும்பி மறையும்வரை வசீகரன் எதிர்ப்பக்கத் தேநீர்க்கடையில் ஆறிய தேநீரோடு இருந்தார். குடையைக் கொடுத்தேன். "ஓ, கிடந்ததே," என்று வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

பின்னேரம் குறிகட்டுவானில் படகு வந்து கட்டியதும் வசீகரன் முதல் ஆளாக ஏறினார். "என்னண்ணை, இண்டைக்கு அவசரம்?" என்றான் படகோட்டி. வழக்கமான இடத்தில், வாசலுக்கு முதுகைக் கொடுத்து இருந்தார். அடித்தட்டில் மாவு மூட்டைகளும் ஒரு சைக்கிளும்தான் இருந்தன. கடலில் ஒரு சுருக்கம்கூட இல்லை. ஆனாலும் படங்கின் முனை அவர் கைக்குள் இருந்தது.

பாதி வழியில் சட்டைப்பையிலிருந்து மற்றத் தேசிக்காயை எடுத்தார். நகத்தால் கீறினார். பழக்கத்தில் கை வாசற்பக்கம் நீண்டது. வெறுங்கூடையோடு இருந்த அந்தோனியம்மா அந்தக் கையைப் பார்த்தார், வாங்கவில்லை. கை சற்று நேரம் அப்படியே நின்றது. பிறகு மெல்ல மடங்கித் திரும்பி வந்தது. வசீகரன் கண்ணை மூடி, தேசிக்காயைத் தன் மூக்கடியில் வைத்துக்கொண்டார்.