காலண்டர் தாளின் மறுபக்கம்

எழுபதுகளில் மயிலாப்பூரில் அப்பாவைத் தூக்கிக்கொண்டு நாங்கள் போன சின்ன ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒன்றுதான். அதை அப்பாவுக்கு மாட்டிவிட்டு, ஒல்லியான அந்த டாக்டர் சுவர்க் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்தார். அதன் பின்பக்கம்தான் அவருக்கு நோட்டு.

"பத்தேகாலுக்கே மார்வலின்னு சொன்னீங்க. இங்க வர ஏன் பன்னண்டரை ஆச்சு?"



"ரிக்‌ஷா கிடைக்கலை, டாக்டர்."

"ஒரு சிலிண்டரை வச்சுக்கிட்டு நான் பண்ணக்கூடியது கொஞ்சம்தான். எல்லாரும் ஏன் லேட்டா வர்றாங்கன்னு தெரிஞ்சா இன்னும் நாலு பேரைக் காப்பாத்தலாம். அதான் எல்லார்கிட்டயும் கேக்கறேன்."

நான் சொன்ன காரணத்தை எழுதிவிட்டுத் தாளைத் திருப்பினார். வெள்ளிக்கிழமை, ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு. அவர் பார்வை அங்கேயே நின்றது.

ரிக்‌ஷாவை வாசலில் நிறுத்திவைத்து, பன்னிரண்டு அடிக்கட்டும் என்றது நான்தான்.

அவர் எழுதியதை அடித்துவிட்டு அப்பாவின் நாடியைப் பிடித்தார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.