மலேசியாவிலும் என் சண்டையைக் கேட்ட இசக்கியம்மன்

அம்மனை நம்புகிற உங்களுக்கு இதை அமைதியாகச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். முடியவில்லை. ஒரு வருஷம் ஆகியும் கோபம் ஆறவில்லை.

என் பெயர் இசக்கியம்மாள். கடையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அப்பா பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றும் டெம்போ ஓட்டுகிறார். போன வருஷம் ஆனி மாதம், கேட்டரிங் படிப்பின் கடைசி ஆண்டில், கல்லூரியிலிருந்து என்னையும் என் தோழி மகாலட்சுமியையும் மலேசியாவுக்கு இன்டர்ன்ஷிப் அனுப்பினார்கள். பெரிய ஹோட்டலின் கிச்சனில் ஆறு மாதம் பயிற்சி என்று தாளில் இருந்தது. அப்பா மார்க்கெட் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

இறங்கிய அன்றே, எங்களை அழைத்துப்போக வந்த ஏஜென்ட், "பத்திரமா வச்சிருக்கேன்" என்று பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார். மறுநாள் எங்களைக் கொண்டுபோய் விட்டது கிச்சனில் இல்லை. ஹோட்டலின் அடித்தளத்தில் இருந்த லாண்டரியில். ஜன்னல் கிடையாது. நாள் முழுக்க ஆவி, சலவை மருந்து வாடை, மலைபோலப் படுக்கை விரிப்புகள். ஒரு நாள்கூட நாங்கள் கரண்டியைத் தொடவில்லை.

எங்கள் ஊர் இசக்கியம்மனைத் தினமும் கும்பிட்டேன். "தாயே, ஆறு மாசத்தையும் பொறுத்துப் போக எனக்குத் தெம்பு குடு." அப்படித்தான் கேட்டேன். இப்போது நினைத்தால் எனக்கே என் மேல் எரிச்சல் வருகிறது. பொறுத்துப் போகவா கேட்டிருக்க வேண்டும்?

ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. காலை பதினோரு மணி இருக்கும். விரிப்புகளை இழுத்துத் தேய்க்கும் ரோலர் மெஷினில் மகாலட்சுமியின் வலது கை சிக்கியது. அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மெஷினை நிறுத்திக் கையை எடுப்பதற்குள் விரல்கள் வெந்து தோல் உரிந்துவிட்டது.

சூப்பர்வைசர் ஒரு மருந்து டியூபைக் கொடுத்தான். ஆஸ்பத்திரி என்றேன். "ஆஸ்பத்திரியில பாஸ்போர்ட் கேப்பாங்க. நீங்க ஊர் சுத்திப் பாக்க வந்த விசாவுல இருக்கீங்க. மாட்டுனா ஜெயிலு" என்றான். அப்போதுதான் எங்களுக்கே தெரியும். படிக்க அனுப்புவதாகச் சொன்னவர்கள் வேலை விசாவே இல்லாமல் எங்களைக் கள்ளத்தனமாக வேலைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

கல்லூரியில் எங்களை அனுப்பிவைத்த சாருக்குப் போன் செய்தேன். அழுதுகொண்டே எல்லாம் சொன்னேன். "சின்னக் காயத்துக்கெல்லாம் போன் பண்ணாதம்மா. உனக்கு சர்டிபிகேட் வேணுமா, வேண்டாமா?" என்றார். வைத்துவிட்டார்.

அந்த நிமிஷம் என் அழுகை நின்றது. அழுக்கு விரிப்புகளுக்கு நடுவில் நின்று வாய்விட்டே அம்மனைக் கேட்டேன். "அநியாயம் நடந்தா நீ பொறுக்க மாட்டேன்னுதான ஊரே உனக்குப் பயப்படுது? இங்கன ஒருத்தி கை வெந்து நிக்கா. நீ எங்கன போன? இப்ப வரணும். வரலைன்னா இனி உன் வாசலை மிதிக்க மாட்டேன்."

வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூட முணுமுணுக்கிறவள் நான். அன்றைக்குக் காலிலிருந்து உச்சி வரை சூடு ஏறியது. மகாலட்சுமியின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு படியேறினேன். "ஏட்டி, வேண்டாம்ட்டி, ஜெயில்ல போட்ருவாவ" என்று அவள் அழுதாள். வேலைக்காரர்கள் கால் வைக்கக் கூடாத முன்வாசல் ஹாலுக்கு, ஈர யூனிபார்மோடு போய் நின்றேன். எனக்குத் தெரிந்த ஒரே பாஷையில் கத்தினேன்.

"எங்க பாஸ்போர்ட்டைக் குடுங்கலே! இந்தப் பிள்ளை கையைப் பாருங்க! நாங்க படிக்க வந்தவளுவ!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். காவலாளி என் தோளைப் பிடித்தான். அப்போது சோபாவிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். "அவள விடு! என்னாம்மா ஆச்சு? எந்த ஊரு நீ?" என்றார். தமிழில்!

அவர் பெயர் சரோஜா. மலேசியாவிலேயே பிறந்தவர், ஓய்வுபெற்ற நர்ஸ். கையைப் பார்த்ததும் அவர் முகமே மாறிவிட்டது. மேனேஜரிடம் மலாய் மொழியில் பேசினார். போலீஸ் என்ற ஒரு சொல்தான் எனக்குப் புரிந்தது. அரை மணி நேரத்தில் இரண்டு பாஸ்போர்ட்டும் வந்தன. அவர் காரிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூன்று வாரம் அவர் வீட்டில் சோறு சாப்பிட்டோம். நம் தூதரகத்தில் எழுதிக் கொடுத்து எங்களை ஊருக்கு அனுப்பி வைத்தவரும் அவர்தான்.

ஒன்றைக் கேளுங்கள். வேறு ஊரிலிருந்து வந்து அங்கே தங்க இருந்த அவர், அந்நேரம் மேலே அறைக்குப் போயிருக்க வேண்டியவர். விரிப்பு வராததால் அறை தயாராகவில்லை என்று உட்காரவைத்திருக்கிறார்கள். விரிப்பு ஏன் வரவில்லை? மகாலட்சுமி கை சிக்கியதும் மெஷினை நிறுத்தினோமே, அதனால்தான்.

ஊருக்கு வந்ததும் என் அம்மா சொன்னாள்: "போன்ல 'நல்லாருக்கேன்'னு நீ சொன்ன விதமே சரியில்லட்டி. அந்த வெள்ளிக்கிழம காலைல கோயிலுக்குப் போயி, எம்பிள்ளை வர்ற வரைக்கும் உனக்கு மஞ்சணை பூச மாட்டேன்னு சொல்லி, அரைச்ச மஞ்சளைக் கிண்ணத்தோட திருப்பிக் கொண்டாந்துட்டேன்." நான் சண்டை போட்ட அதே காலையில்!

கல்லூரியில் போய்க் கேட்டோம். "ஏதோ தவறான புரிதல்" என்றார்கள். மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை. இந்த வருஷமும் குற்றாலத்தில் ஒரு மண்டபம் பிடித்து, அடுத்த மாணவர்களின் பெற்றோரைக் கூட்டினார்கள். நானும் மகாலட்சுமியும் போனோம். அதே சார் மைக்கில் மலேசியா, கிச்சன், எதிர்காலம் என்று பேசினார். நான் எழுந்து நடந்ததைச் சொன்னேன். மகாலட்சுமி கையை உயர்த்திக் காட்டினாள். திருவேங்கடம் ஊரிலிருந்து வந்த ஒரு தகப்பனார், "சார், நான் கையெழுத்துப் போட்ட தாளைத் திருப்பிக் குடுங்க" என்றார். பிறகு ஒவ்வொருவராக எழுந்து கேட்டார்கள்.

நான் இப்போது குற்றாலத்தில் ஒரு ஹோட்டல் கிச்சனில் வேலை பார்க்கிறேன். மகாலட்சுமிக்கு இரண்டு விரல் இன்னும் முழுதாக மடங்கவில்லை. அதையும் அம்மனிடம் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எங்களைக் கொண்டுவந்து சேர்த்தவளுக்கு என் உயிர் உள்ளவரை நன்றி. கோபம் போகவில்லை, அதைப் போக்கச் சொல்லி நான் கேட்கவும் இல்லை.

உங்களுக்கும் அநியாயம் நடந்தால், பொறுமை கேட்டு அவளிடம் போகாதீர்கள். கோபத்தோடு போங்கள். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். வருகிற கோயில் கொடை விழாவுக்கு நாங்கள் இருவரும்தான் பொங்கல் வைக்கிறோம். வாருங்கள். வாய் திறக்கப் பயப்படும் பெண்பிள்ளை வீட்டில் இருந்தால், அவளையும் கூட்டி வாருங்கள்.