நுரையைக் கல்லாக்கும் உப்பு

பெங்களூரு ஈஜிபுராவில் ஒரே வாடகை அறையில் நானும் என் தோழியும் மூன்று வருடம் இருந்தோம். அவள் ஐடி கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே ஒரு நாவல் எழுதினாள். நான் இரண்டு பஸ் மாறி பீன்யாவுக்குப் போவேன். அங்கே முலாம் பூசும் தொழிற்சாலை ஒன்றில் தொட்டித் திரவங்களைச் சோதிப்பது என் வேலை. அவளுடைய நாவலில் ஏரி நுரை பொங்கி ஊருக்குள் வந்துவிடும். அதைத் தடுக்க அவளுக்கு ஓர் உப்பு தேவைப்பட்டது. தூவினால் நுரை கல்லாகிவிட வேண்டும்.

"நீ கெமிஸ்ட் தானே, ஒண்ணு செஞ்சு குடுடி" என்றாள்.

எங்கள் தொழிற்சாலைக்குள் எந்த ரசாயனம் வந்தாலும் கூடவே ஒரு தாள் வரும். நிறம், வாசனை, கண்ணில் பட்டால் என்ன செய்வது என்று எல்லாம் அதில் இருக்கும். இல்லாத உப்புக்கும் அப்படியொரு தாள் தயாரித்தேன். வெளிர்நீலம், துரு வாசனை, தண்ணீரில் கரையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் நோட்டில் எழுதியதை நான் படிப்பேன்; பிறகு இட்லி ஆறிப்போகும் வரை அந்த உப்பைப் பற்றியே பேசுவோம். அந்த ஞாயிறுகளுக்கு இன்றும் மனம் ஏங்குகிறது.

ஆனால் என் புத்தி சும்மா இருக்குமா? "நுரையில முக்கால்வாசி காத்துதான். கல்லோட எடை எங்கேருந்து வரும்?" என்று பிடித்துக்கொண்டேன். சமன்பாடு எழுதிப் பார்த்தோம். எப்படிப் போட்டாலும் ஓர் ஆக்சிஜன் மிஞ்சியது.

"ஒரு ஆக்சிஜன் தானே, ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோயேன்" என்று கன்னடம் கலந்து கெஞ்சினாள். நான் மசியவில்லை.

தாளில் 'தோலில் பட்டால்' என்ற இடத்தில் அவள், "அழக்கூடாது. கண்ணீரும் கல்லாகும்" என்று எழுதி வைத்திருந்தாள். கண்ணீரில் நுரை கிடையாது என்று சிவப்பு மையால் அடித்தேன். சமன்பாடு சரியாகட்டும், பிறகு எழுதுகிறேன் என்று நோட்டை மூடிவிட்டாள். அடுத்த வருடம் வேலை மாறிச் சென்னைக்குப் போய்விட்டாள்.

போன மாதம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது விடை கிடைத்தது. ஏரிச் சேற்றில் இருக்கும் இரும்பைச் சேர்த்தால் ஆக்சிஜன் மிஞ்சாது. பெரிய சாதனை செய்தவள் போல அவளுக்குப் போன் போட்டேன். நோட்டை எப்போதோ பழைய பேப்பரோடு போட்டுவிட்டாளாம்.

"எனக்கு உப்பு அவ்ளோ முக்கியமில்லடி. எழுதினதைப் படிச்சிட்டு ஒரு வாட்டியாவது நல்லா இருக்குன்னு சொல்லுவியான்னுதான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை உக்காந்திருந்தேன்."

"ரொம்ப நல்லா இருந்துச்சுடி" என்றேன். உண்மையாகவே நன்றாக இருந்தது.

"அப்பவே சொல்லியிருந்தா முடிச்சிருப்பேன்" என்றாள், கொஞ்சமும் கோபமில்லாமல்.