வரிசையில் விட்டுப்போனவர்கள்

பல் மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் எல்லோரும் பெயர் ஓடும் திரையைப் பார்க்கிறார்கள். அதை ஓட்டும் புரோகிராமை எழுதியவன் மட்டும் ஓரமாக உட்கார்ந்து அவர்களுடைய முகங்களைப் பார்க்கிறான். "தப்பு திரையில தெரியாதுக்கா, மூஞ்சியிலதான் தெரியும்" என்பான். தையல்கடை வைத்திருக்கும் அவன் அக்கா, துணி கொடுக்க வருபவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவாள்.

முதலில் அவன் எழுதிக் கொடுத்தது இருபது கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு டோக்கன் எண். அதற்கு மேல் ஓர் ஆள் கன்னம் வீங்கி வந்தாலும் "இடமில்லன்னு கம்ப்யூட்டர் சொல்லுது" என்று திருப்பி அனுப்பினார்கள். அதை நேரில் பார்த்துவிட்டு வந்தவன் அக்காவிடம் பொருமினான். "கம்ப்யூட்டரா சொல்லுச்சு? நான்தானே சொல்லியிருக்கேன்!"

இப்போது கட்டங்களை எடுத்துவிட்டு, ஆள் வர வர நீளும் பட்டியலாக மாற்றியிருக்கிறான். அதில் இருப்பதும் வெறும் எண் இல்லை. பெயர், வயது, எந்தப் பல், எத்தனை நாள் வலி என்று ஒவ்வொருவரும் முழு ஆள். இன்று வெள்ளோட்டம். "ஒருத்தர் விட்டுப்போனாலும் பழசையே போட்டுடுவேன்" என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லியிருந்தார்.

கடைவாய்ப் பல் வலியோடு அக்காவும் வந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்கள்கூட உள்ளே போய்த் திரும்பிவிட்டார்கள். அவள் பெயர் வரவே இல்லை. அவளும் வாயைத் திறக்கவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர்தான் சும்மா இருக்கவில்லை.

"உங்க தம்பி செஞ்சதா? சொந்த அக்காவையே முழுங்கிடுச்சே!"

"எனக்கு ஒண்ணும் அவசரமில்லைங்க."

அந்த முகத்தைத் தம்பி பார்த்துவிட்டான். எழுந்து வந்தான்.

"உனக்கு முன்னாடி இருந்தவர் எங்கக்கா?"

"வலி போயிடுச்சுன்னு கிளம்பிட்டார்டா."

நெற்றியில் அடித்துக்கொண்டான். கட்டங்களில் ஒருவர் பாதியில் கிளம்பிப் போனால் அந்த இடம் காலியாகக் கிடக்கும். பட்டியலில் அப்படியில்லை, போனவரை நீக்கியதும் பின்னால் இருப்பவர்கள் ஓரிடம் முன்னே நகர்ந்துவிடுவார்கள்.

"அவர் இடத்துக்கு நீ நகர்ந்துட்ட. அது தெரியாம புரோகிராம் அடுத்த இடத்துக்குத் தாவிடுச்சு. இன்னும் யாராவது பாதியில கிளம்பியிருந்தா, அவங்களுக்கு அடுத்த ஆளும் இப்படித்தான் விட்டுப்போயிருப்பாங்க. ஒரே வரிதான், மாத்திடலாம்."

"சத்தமில்லாம மாத்திடு. நான் மூச்சு விட மாட்டேன்."

மாற்றினான். பிறகு டாக்டரம்மாவின் அறைக் கதவைத் தட்டி, அகலத் திறந்து வைத்தான். கூடத்தின் நடுவில் வந்து நின்றான்.

"கூப்பிடாம விட்டுப்போனவங்க கொஞ்சம் கையத் தூக்குங்க. தப்பு என்னோடது."

முதலில் உயர்ந்தது அக்காவின் கை.